வெறும் புட்டிக்கு எதற்குத் தக்கை

செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டிய ஏர்வின்
இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கூப்பிட்டான்.
எலும்பு என்றுதான் நினைத்தேன்.
சஸ்காட்செவனில் தோண்டினால்
ஒன்று காட்டெருமை, இல்லாவிட்டால் கல்.

கண்ணாடி.
பழைய உலைக்கூடத் தரைக்கு மூன்றடி கீழே
சாம்பலுக்குள்
முட்டை அடுக்கியதுபோல.
எல்லா வாயும் கிழக்கே பார்த்து.
நூற்றுப் பதினேழுவரை எண்ணினேன்,
பிறகு மழை வந்துவிட்டது.

விரல் நீளப் புட்டிகள்.
விலாவில் புடைத்த எழுத்து: எலுமிச்சை எசன்ஸ்.
கேக் மாவில் நாலு சொட்டு விடுவது.
மதுக்கடைகளை மாகாணம் இழுத்துப் பூட்டிய வருஷங்களில்
மளிகைக்கடையில் கேள்வி கேட்காமல் கிடைத்த
சாராயம்.

பட்டறை ஓனுஃப்ரி ஸ்டெஷினுடையது.
படம் இன்னும் தேவாலயக் கூடத்தில் தொங்குகிறது:
கழுத்துவரை பட்டன், மெழுகு தடவிய மீசை,
அடியில் மதுவிலக்கு உறுதிமொழி,
ஊரிலேயே முதல் கையெழுத்து.
கல்யாண வீட்டுக்குள் அவர் நுழைந்தால்
குடுவைகள் மேஜைக்கடியில் போகுமாம்.

மனைவி இல்லை. சமையலடுப்பும் இல்லை,
உலைத்தணலில் சுட்ட உருளைக்கிழங்குதான்.
கேக்காவது ஒன்றாவது.

ஏர்வினுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
"ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்துக்குக் கீழே
வரிசையாக வைத்துவிடுவோமா, டொரீன்?"
நானும் சிரித்தேன்,
தக்கைகளைக் கவனிக்கும்வரை.

குடித்து முடித்த ஒவ்வொன்றையும்
திரும்ப மூடியிருக்கிறார்,
கட்டைவிரலால் அழுத்தி.
வெறும் புட்டிக்கு எதற்குத் தக்கை?
வாசம் போய்விடும் என்றா,
வாசம் காட்டிக்கொடுக்கும் என்றா,
எடுத்த வேலையை அரைகுறையாக விடத் தெரியாத
கையா?
நானும் இரும்பு ஒட்டுகிறவள்.
யாரும் எட்டிப் பார்க்காத உட்பக்கப் பற்றவைப்பையும்
தேய்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

ஒன்றைத் திறந்தேன்.
எலுமிச்சை இல்லை.
ஈரம், கொஞ்சம் கரி.

சந்தையில் விற்க ஒரு வாளி எடுத்துக்கொண்டான் ஏர்வின்,
ஒன்று பத்து டாலர் போகுமாம்.
மிச்சத்தை அதே சாம்பலோடு
ஷெட்டுக்குப் பின்னால் புதைத்தோம்.
வாய்களைக் கிழக்கே திருப்பியது நான்தான்.
நாலு மணிக்கு டேங்க் வந்துவிட்டது.

அந்தக் காலத்துக் கண்ணாடி
வெயில் படப்பட ஊதாவாகும் என்கிறார்கள்,
வருஷக்கணக்கில், தெரியாமல்.
ஒன்றை மட்டும் சன்னலில் வைத்திருக்கிறேன்,
தக்கையோடு.
இது மூன்றாவது கோடை.

நேற்று, கேட் ரிப்பேருக்கு வந்த பாதிரியார்
அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
"லேசாக ஏதோ நிறம் ஏறியிருக்கிறதே?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றேன்.