பதிவுக்காக

வினிப்பெக். மைனஸ் முப்பத்திரண்டு.
சமையலறை ஜன்னலோரம்
தேங்காயெண்ணெய்ப் போத்தல் கல்லாய்க் கிடக்கிறது.
கரண்டிக் காம்பால் குடைந்தேன்,
காம்புதான் வளைந்தது.

டாக்டர் ஹலீனா சொன்ன உவமை வெண்ணெய்.
தேங்காயெண்ணெய் என்னுடையது.

படம் காட்டினார்:
இமை விளிம்பில் வரிசையாய்ச் சுரப்பிகள்,
கீழே இருபத்துச் சொச்சம், மேலே இன்னும் கூட,
வெள்ளை விரல்கள் போல.
சில பாதியில் தேய்ந்திருந்தன.
இரண்டு இருந்த இடமே தெரியவில்லை.

என் கண்ணீரில் தண்ணீர் குறையவில்லையாம்.
மேலே மிதக்க வேண்டிய எண்ணெய்தான் உள்ளேயே உறைந்துவிட்டது.
ரசத்தின் மேல் மினுங்குமே,
அதைவிட மெல்லிய படலம்.
அது கிழிந்தால்
ஒரு இமைப்புக்கும் மறு இமைப்புக்கும் நடுவில்
நீர் ஆவியாகிறது,
காய்ந்த கண் பயந்துபோய்
ஒரேயடியாய்க் கொட்டுகிறது.
உலர்ந்ததால் வழியும் கண்.
இதை எந்த மொழியில் சொன்னாலும்
பொய் போலத்தான் இருக்கிறது.

என் தொழில் மொழிபெயர்ப்பு.
விதி இரண்டே: கூட்டாதே, விடாதே.

செவ்வாய்க்கிழமை. தொழிலாளர் நட்டஈட்டு விசாரணை.
ஹீட்டர் முழுவேகத்தில்.
பன்றி ஆலையில் கொழுப்பு வெட்டிய யோகநாயகம்
மூன்று விரல் இல்லாத வலக்கையை
மேசைமேல் வைத்துக்கொண்டு சொன்னார்:
“குளிர் அறையில கொழுப்பு இறுகிப் போயிடும்.
கத்தி ஏறாது. ஊண்டி அமத்த வேணும்.
அமத்தினா வழுக்கும்.”
ஆங்கிலத்தில் சொன்னேன், அதே நிதானத்தில்.

என் இடக்கண் வழியத் தொடங்கியது.
பிறகு வலது.
தலைவர் டிஷ்யூப் பெட்டியை
என் பக்கம் நகர்த்தினார்.
ஆலையின் வக்கீல் பேனாவை மூடினார்.
யோகநாயகம் நிறுத்தி, என்னைப் பார்த்து,
“அழாதேங்கோ பிள்ளை. இப்ப நோவில்லை” என்றார்.

விடாதே.
அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன்,
தன்மை ஒருமையில், அவராக,
எனக்கு நானே.

பிறகு முறைப்படி:
“மொழிபெயர்ப்பாளர் பதிவுக்காகக் கூற விரும்புகிறார்.
இது அழுகை அல்ல. எண்ணெய்க் குறைபாடு.”
யாரும் சிரிக்கவில்லை. நம்பவுமில்லை.
தட்டச்சில் இருந்த பெண் மட்டும் நிமிர்ந்து,
எண்ணெய் என்றா சொன்னீர்கள், என்று கேட்டாள்.

கண்ணில விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்
என்று வைவோம் அல்லவா.
மருந்துக்கடையில் வாங்கிய சொட்டுப் பெட்டியின்
பின்புறம் படித்தேன்: ஆமணக்கெண்ணெய்.
ஒரு வசவு, முப்பது டாலர், வரி தனி.

இரவு. சுடுநீரில் பிழிந்த துணி
இமைமேல், பத்து நிமிடம்.
மூடிய கண்ணுக்குள் அந்தக் கை,
அதன் பெருவிரலும் சுண்டுவிரலும்.
ஏழாவது நிமிடம் ஏதோ இளகி
விளிம்புக்கு வந்தது.
எண்ணெயா, என்று கேட்க அங்கே
யாரும் இருக்கவில்லை.

மிஞ்சிய வெந்நீரில் போத்தலை நிறுத்தியிருந்தேன்.
அது எனக்கு முன்பே
உருகிவிட்டது.