ஆறு வாரம்

ஒலோமோட்ஸில் பள்ளி உடற்பயிற்சிக் கூடம்.
நாற்பத்தேழாம் எண் என் டாங்கி:
முப்பத்தைந்தில் ஒரு பங்கு,
என் செருப்பை விடச் சிறியது.

துருவுக்கு மட்டும் பதினோரு இரவு.
உப்புத் தூவி, வண்ணம் தெளித்து,
உப்பைச் சுரண்டி,
ஒவ்வோர் ஆணித்தலையிலும்
பழுப்பை ஒழுகவிட்டு.

நடுவர் ஹெட்விகா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.
"இத்தனை துருவுக்கு
மூன்று குளிர்காலமாவது வேண்டும், லுபோர்.
ஆலையை விட்டு வந்த இந்த வண்டி
எரிந்துபோக
ஆறு வாரம்."

பரிசு யாரோ ஒரு பையனின் ஜீப்புக்கு.

வீட்டில் டர்ப்பன்டைன் நெடி.
மனைவி ஜன்னலைத் திறந்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.
துரு முழுக்கப் பஞ்சோடு வந்துவிட்டது.

பிறகு
ஓட்டுநர் மூடியின் விளிம்பில் மட்டும்
பச்சையைத் தேய்த்து
பென்சில் கரியால் மினுக்கினேன்.
இரண்டரை மில்லிமீட்டர்.
ஒரு கை
பற்றும் அகலம்.