பதினைந்தாவது குறுக்கீடு

வால்டிவியாவில் ஜூன் மாத மழைக்கு வேறு வேலையில்லை.
தகரத்தில் அடித்துக்கொண்டே இருக்கும்.
ஆற்றங்கரை மீன் சந்தையில் கடல்சிங்கங்கள்
விடியும்வரை குரைப்பது
மூன்றாம் மாடித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கேட்காது.
இங்கே குரைப்பவை வேறு.
ஒரு கட்டிலுக்கு, ஓர் இரவுக்கு,
நூற்று அறுபது தடவை.
எண்ணியிருக்கிறேன்.
அதில் மெய்யாகவே புலி வந்தது ஒன்பது முறை.

என் வேலை எண்ணுவது.
மருந்து எடுக்கும் செவிலியை
யார், எப்போது, எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று
கட்டம் போட்ட தாளில் கோடு கிழிப்பது.
பேசக் கூடாது.
கீழே விழுந்த பேனாவைக்கூட எடுத்துத் தரக் கூடாது.
முதல் வாரம் என்னைப் பார்த்து முதுகை நிமிர்த்தினார்கள்.
மூன்றாம் வாரம் நான் நாற்காலி.
யாரோ ஈரக் கோட்டை என்மேல் மாட்டப் பார்த்தார்கள்.

நான்காம் பக்கத்தில் ஒரு வரி மட்டும் உண்டு:
‘கடுந்தீங்கு உறுதி எனில் பார்வையாளர் பேசலாம்.’
உறுதி என்றால் எவ்வளவு உறுதி,
எத்தனை நொடிக்கு முன், அதெல்லாம் இல்லை.
எழுதியது நான்தான்.

வியாழன். மூன்று மணி பத்து நிமிடம்.
நயாதெத் பதினொரு மணி நேரமாய் நிற்கிறாள்.
ஆறாம் கட்டில் எராஸ்மோ காத்தலான்,
மர ஆலையில் மார்பு நசுங்கியவர்.
அவர் குழாயைக் கழுவிவிட உப்புநீர் வேண்டும்.
இழுப்பறையைத் திறக்கிறாள்.
இந்த மணிக்கு ஏற்கெனவே எட்டுக் கோடு.
தொலைபேசி, ஆய்வகம். கோடு.
எட்டாம் கட்டில் அலாரம், புலி இல்லை. கோடு.
டாக்டர் இதுர்ரா, “அந்த எக்ஸ்ரே எங்கே?”
வாளியோடு ஒருவர்.
யாருக்கோ அலமாரிச் சாவி.
எராஸ்மோவின் மகள் கதவிடுக்கில்:
“அப்பா தூங்குகிறாரா?”
பதினான்கு.
அதற்கு மட்டும் நயாதெத் சிரித்துப் பதில் சொன்னாள்.
கை தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

சென்ற செவ்வாய்தான் மருந்து தரும் கம்பெனி மாறியிருந்தது.
பொட்டாசியம் குளோரைடு, உப்புநீர்:
ஒரே பிளாஸ்டிக், ஒரே உயரம், ஒரே நீலம்.
ஒன்றில் எழுத்து கொஞ்சம் தடிப்பு.
என் நாற்காலியிலிருந்து ஒன்றரை மீட்டர்.
நீலம் தெரிந்தது.
தடிப்பும் தெரிந்தது.

ஊமை கண்ட கனவாய்
வாய்க்குள் எல்லாம் இருந்தது.
ஆறு மாத நிதி,
கெட்டுப்போகப் போகும் ஓர் இரவின் தரவு,
இதையெல்லாம் அந்த நொடியில் நினைத்தேன் என்று சொல்ல வெட்கம்.
நினைத்தேன்.

“அது உப்புநீர் இல்லை.”

நாற்காலி பேசியதும்
நயாதெத் சிரிஞ்சைப் பார்த்தாள், குப்பியைப் பார்த்தாள்.
இரண்டையும் தட்டில் வைத்தாள்,
தூங்கும் எதையோ கிடத்துவதுபோல்.
புதியது எடுத்தாள். உரக்கப் படித்தாள்.
எனக்குக் காட்டினாள். குழாயைக் கழுவினாள்.
அப்புறம்தான் கை நடுங்கியது.
“என் பெயர் எழுதுவாயா?”
பெயர் இல்லை, நீ செ-11 என்றேன்.
“பதினொன்று,” என்றாள். “சரி.”

விடிகாலையில் கணக்கு.
முறைப்படி, பார்வையாளர் தடுத்த தவறு
நடந்த தவறாகவே பதிவாகும்.
நான் இல்லாத இரவுகள்தானே அதிகம்.
ஆகவே என் அட்டவணையில், நாற்பத்தோராம் வரிசையில்,
எராஸ்மோ காத்தலானுக்கு அது ஏறிவிட்டது.
விளைவு என்ற கட்டத்தில் ஐந்து போட்டேன்.
ஐந்துக்கு மேல் எண் இல்லை.
கட்டிலில் அவர்
ரொட்டி ஆறிப்போனதென்று திட்டிக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் நிர்வாகி ஓயார்சூன் கேட்டார்:
“யார் அந்தச் செவிலி?”
இரண்டு குப்பிகளை மேசையில் உருட்டிவிட்டேன்.
உப்புநீரை எடுங்கள் என்றேன்.
அவர் கண்ணாடியைத் தேடினார்.
இழுப்பறை மாறியது. கம்பெனி மாறவில்லை,
டிசம்பர்வரை ஒப்பந்தம்.

ஒரு கட்டம் இன்னும் நிரம்பவில்லை.
குறுக்கீடுதான் ஆபத்து என்று நிரூபிக்க வந்தவள் நான்.
பதினைந்தாவது கோடு என்னுடையது.
நேரம், மூன்று பன்னிரண்டு. நீளம், நான்கு நொடி.
யார்: நாற்காலி.
எதற்காக என்பதற்கு இரண்டே தெரிவு,
தேவையானது, தேவையற்றது.
முதலாவதை இதுவரை ஒருமுறையும் தொட்டதில்லை.
அதன்மேல் பேனா நிற்கிறது,
மை ஊறிப் புள்ளி பெரிதாகிறது.