நாலு தண்ணி

பீடோருக்குக் கோஸ்
கேமரன் மலையிலிருந்து விடிகாலை லாரியில் வரும்.
வெளி இலை கசங்கியதைப் பாதி விலைக்குத் தள்ளுவான் ஆ செங்.
யார்மிலா அதைத் தொடமாட்டாள்.
தேங்காய் தட்டுவதுபோல் ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்ப்பாள்.
இறுகியிருந்தால்தான் ஒழுங்காகப் புளிக்குமாம்.

என் ஓரகத்தி அவள்.
கப்பலில் இயந்திரம் பார்க்கப் போன கொழுந்தன் தவநேசன்
கடலே இல்லாத நாட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தான்.
அது எப்படி என்று
நாங்கள் இன்னும் கேட்டு முடிக்கவில்லை.

அவள் ஊரில் புளிக்க நாலு வாரம்.
இங்கே நாலாம் நாள் ராத்திரி
ஜாடி மூடி தகரக் கூரையில் போய் இடித்தது.
"சம்சு காய்ச்சுறீங்களா?"
சன்னலில் மூக்கை வைத்துக் கேட்டாள் பக்கத்து வீட்டு அஞ்சலை.
செம்பனை ஆலை நாற்றத்தில் பிறந்து வளர்ந்தவள்,
அவளுக்கே தாங்கவில்லை.

சூப்பின் பெயர் கபுஸ்த்னிட்சா.
என் வாயில் விழுந்து கபுத்திணிச்சி ஆனது.
இப்போது அவளும் அப்படித்தான் சொல்கிறாள்.

அவள் அம்மா வீட்டில்
காய்ந்த ப்ளம் பழம் போடுவார்கள், காட்டுக் காளானும்.
அப்பா வீட்டாருக்குப் பழம் போட்டால் அது பாயசம்;
அவர்கள் அடுப்பை அணைத்துவிட்டுப் பாலேடு கலப்பார்கள்.
மாமா ஒருவர், விரதம் என்றால் சிரிக்கிறவர்,
பானை நிறையப் புகையில் வாட்டிய பன்றி சாசேஜ்.
கிறிஸ்துமசுக்கு முதல் நாள் ஒரே தெருவில் மூன்று பானை.
மூன்றிலும் குடித்துவிட்டு
மூன்று வாசலிலும் சொல்வாளாம் இவள்:
"உங்களுதுதான் ருசி."

இங்கே அந்தப் பேச்சு செல்லவில்லை.
மாமியார் கேட்காமலே கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினார்.
நாத்தனார் கோமளா நெத்திலி போட்டாள்,
போட்டதை இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.
என் வீட்டுக்காரருக்குச் சோற்றில் ஊற்றிப் பிசைய வேண்டும்,
ஆகவே கிழங்கை மசித்துக் கெட்டியாக்கினேன்.
கோழி சாசேஜுக்குத்
தேங்காய்ச் சிரட்டையில் புகை காட்டினான் தவநேசன்;
சட்டையெல்லாம் புகை, சாசேஜில் இல்லை.
ப்ளம் கிடைக்காத வருடம் அசாம் போய்.
பிள்ளைகள் தட்டோரத்தில் கொட்டையை எண்ணினார்கள்.

கைப்பேசித் திரையில் அவள் அம்மா
பானைக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் குனிந்தார்.
பச்சையாய் மிதக்கிறதே, அது என்ன?
யார்மிலா ஏதோ சொன்னாள்.
நீளமாய்ச் சொன்னாள்.
அந்த அம்மா முக்காடு போல் கையைத் தலையில் வைத்துக்கொண்டார்.

பிறகு அந்த டிசம்பர்.
விசா புதுப்பிக்க அவள் ஈப்போவில் வரிசையில் நிற்கிறாள்,
இங்கே ஜாடியைத் திறந்தால்
கோஸ் ரோஸ் நிறத்தில் கொழகொழத்துக் கிடக்கிறது.
யாரையும் கேட்கவில்லை நான்.
வாழைக்கு அடியில் கொட்டி மண்ணைத் தள்ளினேன்.
மழையோடு ஆ செங் கடைக்கு ஓடினேன்.
கியாம் சாய், மஞ்சள் பாக்கெட், நாலு வெள்ளி.
மூன்று தண்ணி அலசி,
மெல்லிசாய் அரிந்து,
அவள் பானையில், அவள் அகப்பையால்.

ராத்திரி முதல் கரண்டி வாயில் வைத்தவள்
விழுங்காமல் நின்றாள்.
பிடிபட்டேன் என்று நினைத்தேன்.
அம்மாவுக்குப் போன் போட்டாள்,
அழுதாள், எங்களுக்குத் திரும்பிச் சொன்னாள்:
"எங்க வீட்டு ருசி, இன்னிக்குத்தான் வந்துச்சு."
என்ன செய்தாய் அக்கா?
மழைத் தண்ணி, என்றேன்.

மூன்று வருடமாய் மழைத் தண்ணி.
மூன்று வருடமாய் ஜாடியில் பாதி
வாழைக்குப் போகிறது.
வாழை நன்றாகத்தான் இருக்கிறது.

நேற்று கடைக்குக் கிளம்பும்போது
சீட்டு ஒன்றைக் கையில் திணித்தாள்.
உருண்டை உருண்டையான தமிழ் எழுத்து:
பூண்டு. உருலைக்கிலங்கு. காலான்.
அதற்குக் கீழே கோடு போட்டு,
அதுவும், ரெண்டு பாக்கெட்.

நிமிர்ந்து பார்த்தேன்.
வெங்காயத் தோலை உரித்துக்கொண்டே,
என்னைப் பார்க்காமல் சொன்னாள்:
"மூனு தண்ணி பத்தாதுக்கா.
நாலு."