அறுபத்திரண்டு

கடேட் சூடேறிவிட்டால் மூவாயிரம் சுற்றில் இருமும்.
குளிரில் இருமாது.
பின்லாந்தின் வடக்கில் ஒரு காருக்கு
இது தலைகீழான நோய்.

ப்ளக்குகளை மாற்றினேன்.
பெட்ரோல் அழுத்தம் பார்த்தேன், குறையில்லை.
தண்ணீரின் சூட்டைச் சொல்லும் சென்சாரைக் கழற்றி
காபிக் கெண்டியில் போட்டு
மீட்டரைப் பிடித்தேன். உண்மைதான் பேசியது.
எர்த் கம்பியைச் சுரண்டிப் பளபளப்பாக்கினேன்.
மறுபடி இருமல்.

மிச்சம், கால்மாட்டுப் பலகைக்குப் பின்னால்
அந்த அலுமினியப் பெட்டி.
காரை விற்ற தார்மோ அன்றே சொன்னான்:
"மூளையில் கை வைத்திருக்கிறார்கள். யாரென்று கேட்காதே."

திறந்தேன். இருபத்தெட்டுக் கால் பூச்சி ஒன்று
சாக்கெட்டில் குந்தியிருந்தது.
முதுகில் வெள்ளிக் காகிதம், பேனாவில் "2".
நம்பர் பார்க்கலாமே என்று உரித்தேன்.
அடியில் சின்னக் கண்ணாடி ஜன்னல்.
ஜன்னலுக்குள் நொய்யரிசி அகலத்தில் ஓர் ஊர்.

ஒரு கால் உள்பக்கம் மடங்கியிருந்தது.
சூட்டில் விரிந்து தொடர்பை விட்டுவிடும் கால்.
நிமிர்த்தினேன். அன்றே மாட்டியிருக்கலாம்.

ஆனால் யுஹானுஸ் விடுமுறை.
தங்கை வீட்டில் சவுனா மூட்டியிருந்தார்கள்.
கொல்லையில் கவிழ்த்த படகின் முதுகில்
சிப்பை வைத்துவிட்டுப் போனேன்,
ஜன்னல் மேல்நோக்க.
ஆறு நாள்.
பெல்லோவில் ஜூன் மாதம் ஆறு நாள் என்றால்
ஆறு பகல்.
நடுவில் வேறொன்றும் கிடையாது.

வந்து மாட்டினேன்.
இருமல் போயிருந்தது. இப்போது இடி.
கிணறு வெட்டினேன்,
பூதம் கிளம்பி ஸ்டீயரிங் பிடித்தது.
பழைய கம்பெனி சிப்பைப் போட்டால் மட்டும்
தபால் வண்டி மாதிரி சாதுவாய் ஓடும்.

ஐலா ஆற்றின் அந்தப் பக்கம், ஸ்வீடனில்,
லிஃப்ட் பழுது பார்ப்பவள்.
ரீடரையும், ஒரு விசை உதிர்ந்த லேப்டாப்பையும்
தூக்கிக்கொண்டு வந்தாள்.
இருமுறை வாசித்தாள்.
இரண்டு முறையும் வேறு வேறு கூட்டுத்தொகை.
"வெயிலில் வைத்தாயா?"
நான் காபி ஊற்றினேன்.

அழிவதென்றால் குறைவது என்றிருந்தேன்.
இந்த ஜன்னல் வழியே வெளிச்சம் போனால்
சுழியங்கள் ஒவ்வொன்றாய் ஒன்றாகும்;
ஒன்று சுழியமாவதே இல்லை.
முழுக்க மறந்த சிப் காலியாய் இருக்காதாம்.
ஒன்று ஒன்று ஒன்று என்று
விளிம்பு வரை நிரம்பியிருக்குமாம்.

திரையில் அட்டவணை:
எந்தச் சுற்றில், எந்தப் பாரத்தில்
பொறி எத்தனை முந்த வேண்டும்.
இருபத்தெட்டு, அறுபத்திரண்டு, முப்பத்திரண்டு.
"முப்பது" என்றேன்.
"ஒரே ஒரு சுழியம்தான் புரண்டிருக்கிறது" என்று
விரல் மடக்கிக் காட்டினாள்.

பக்கத்து வீட்டு எண்களை விசாரித்து விசாரித்து
நாற்பத்தொரு கட்டங்கள் நிரப்பினோம்.
சில இடங்களில் பக்கத்து வீடும் எரிந்திருந்தது.
அங்கெல்லாம்
எழுதியவன் என்ன போட்டிருப்பான் என்று யோசித்தோம்.
துணிச்சல்காரன்;
ஆனால் நாலாயிரத்துக்கு மேல் பயந்தவன்.
எண்பத்தொன்பதாம் வருடத்து எஞ்சின்மேல்
அக்கறையும் இருந்திருக்கிறது.
யாரென்று கேட்கவில்லை.
கையெழுத்து மட்டும் பழகிவிட்டது.

புது சிப். கால்கள் நேர்.
ஜன்னல்மேல் கறுப்பு டேப், அதன்மேல் இன்னொன்று.
இரவு ஒன்றரை மணிக்கு
வெயில் கண்ணில் குத்தக் குத்த ஓட்டிப் பார்த்தோம்.
மூவாயிரம். சத்தமில்லை.
நாலாயிரத்து இருநூறில், பாலம் ஏறும் இடத்தில்,
ஒரு சின்னத் தயக்கம்.

"எந்தக் கட்டமென்று தெரியும். ஒன்று குறைக்கவா?"
வேண்டாம் என்றேன்.
அது அவன் தயக்கமோ, எங்களுடையதோ.
பாலத்தின் பாதியில் நாடு மாறியது.
நான் வாங்கிய நாள் முதல்
ஒரு மணி நேரம் பின்தங்கி ஓடும்
டாஷ்போர்டு கடிகாரம்
பன்னிரண்டரை என்று சரியாகச் சொன்னது.