தண்ணீர் வண்டி, சித்ரா தீவு

பீப்பாய் நூறு டாலரைத் தொட்ட வருஷம்
ரவுண்டானாவுக்கு நூற்றிருபது பேரீச்சை வந்திறங்கின.
மழை பெய்த அந்த மூன்று நாளும்கூட
வண்டி நிற்கவில்லை.
பட்ஜெட்டில் இருக்கிறது, ஊற்று என்றார் ஜெகபர் சாதிக்.
குடை பிடித்துக்கொண்டு ஊற்றினேன்.

பீப்பாய் நாற்பதுக்கு விழுந்தது.
ஆகஸ்ட்.
டீசல் கூப்பன் இல்லை, பாதிப்பேருக்கு ஊர் டிக்கெட்.
அமைச்சகக் கடிதத்தில் சிக்கனம் என்றிருந்ததை
மலையாளி கிளார்க் வாசித்துச் சொன்னான்.
மட்டைகள் பழுத்துத் தொங்கின.
கேம்ப்பில் அரிசி களைந்த தண்ணீரை
ஒரேயொரு மரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவந்தேன்.

இப்போது மறுபடி எண்பத்தைந்து.
செத்த மரங்களைப் பிடுங்க டெண்டர்.
பட்டியலில் என் மரமும் இருக்கிறது.
புது மரங்கள் கப்பலில் வருகின்றனவாம்.

இன்று வானம் கறுத்துக் கிடக்கிறது.
சாவியை நீட்டுகிறார் ஜெகபர்.