புதன்வரை

பாய்மரம் முறிந்து உள்துறைமுகத்தில் ஒதுங்கியவன்,
குவெனோலே.
பிரெஞ்சுக்காரன் என்றால் கோபம் வரும்,
பிரெத்தோன் என்று திருத்துவான்.
பியர் நுரையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:
எங்கள் ஊற்றுக்கரையில் கொரிகன் என்று குள்ளர்கள்,
இரவில் கைகோத்து ஆடுவார்கள்.
திங்கள் செவ்வாய் புதன்,
திங்கள் செவ்வாய் புதன்,
அதற்கு மேல் பாட்டு வராது.
அடுத்த நாளைச் சேர்த்துக் கொடுப்பவனின்
கூனைக் கழற்றி எடுத்துக்கொள்வார்கள்.

எங்கட ஊரில் அது குறளி, என்றேன்.
ஐஸ் பெட்டி சுமந்து வளைந்த முதுகை
அவன் பார்க்காத மாதிரிப் பார்த்தான்.

கன்னியாவில் ஏழு கிணறு.
ஆளில்லா நேரம் போய்
ஒவ்வொரு வாளியாய் அள்ளினேன்.
திங்கள் சுட்டது.
செவ்வாய் பரவாயில்லை.
புதன் வெதுவெதுப்பு.
நாலாவதில் வாளி கனத்தது.
உள்ளே யாரோ,
முழங்கால் உயரம்கூட இராது,
மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்கள்.

சொல்ல வாயெடுத்தேன்.
வியாழன்தான்
மரியநேசன் முதலாளி
வட்டிக்கு வரும் நாள்.

வாளியை விட்டேன்.
குமிழி குமிழியாய்ச் சிரிப்பு.
விடியும்வரை அவர்களோடு
திங்கள் செவ்வாய் புதன்,
திங்கள் செவ்வாய் புதன்,
கூனும் சேர்ந்து ஆடியது.